ஆரணி கண்ட ஜெட் விமானம்

உலக விமான வரலாறு மூன்றே கட்டங்களைக் கொண்டது. ரைட் சகோதரர்கள் தரையை விட்டு எழும்பியது முதல் கட்டம். விசிறி போய் ஜெட் எஞ்சின் வந்தது இரண்டாம் கட்டம். ஆரணியில் பட்டு ஜவுளி முதலாளி சிவப்பிரகாசம், தாம் தாளாளராக இருக்கும் பள்ளியின் வாசலில் ஓய்வு பெற்ற ஜெட் விமானம் ஒன்றை நிறுத்தியது மூன்றாவதும் முடிவானதுமான கட்டம். இதற்கு மேல் விமானம் முன்னேற வழியில்லை.

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை நான்சிக்கு மட்டும் இந்த மகத்துவம் விளங்கவில்லை. ஆய்வகக் கூரை ஒழுகுகிறது, ஈர மேசையில் பிள்ளைகள் மின்சாரச் சோதனை செய்கிறார்கள் என்று வருடக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கிடைக்கவில்லை என்று தாளாளரும் வருடக்கணக்காகப் பொறுமையுடன் பதில் சொல்லிவந்தார். போன ஐப்பசியில் அகல்யா என்ற மாணவியை ஷாக் தூக்கி எறிந்தது. அது 'சின்ன ஷாக்' என்று நிர்வாகம் ஆராய்ந்து அறிவித்தது.

கூரையைச் சரிசெய்யாமல் ஜெட் எதற்கு என்று நான்சி கேட்டபோது தாளாளர் தொழில் ரகசியத்தையே சொல்லிக்கொடுத்தார்.

"ஒழுகாத கூரையப் பாத்து எந்த அப்பன் புள்ளயச் சேக்கப் போறான், டீச்சர்? ஜெட்டப் பாத்தா பஸ்ஸ நிறுத்தி எறங்குவான்."

ஒரு காலத்தில் ஒலியை முந்திய அந்த விமானம், இறக்கை கழற்றப்பட்டு லாரியில் ஏறி, பக்கத்து ஊர் களம்பூரிலிருந்து நெல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பொழுது சாய வந்து சேர்ந்தது. மூக்குக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள்.

மறுநாள் வாஸ்து நிபுணர் வந்தார். விமானத்தின் முன்பக்க ஓட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. உடனே 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது.

"இவ்ளோ பெரிய வாயப் பொளந்துகினு ஸ்கூல் கேட்டப் பாத்து நிக்கிதே. வர்ற அட்மிஷனையெல்லாம் முழுங்கிடும்ங்க," என்றார் நிபுணர்.

அந்த வாயால் காற்றை விழுங்கி, உள்ளே எரித்து, பின்னால் தள்ளுவதற்குப் பெயர்தான் ஜெட் என்றும், வாயை அடைத்தால் மிஞ்சுவது தகரம் என்றும் நான்சி எடுத்துச் சொன்னார்.

"அது இனிமே பறக்கவா போவுது? சும்மா பேஜார் பண்ணாதீங்க டீச்சர்," என்று தாளாளர் அறிவியலை முடித்துவைத்து, ஒரு ஃபோன் போட்டார். கிடைக்கவே கிடைக்காத கொத்தனார் வேலு, சட்டியும் சிமெண்டுமாகக் கையோடு வந்து நின்றார். மதியச் சாப்பாட்டுக்குள் வாய் பூசியாயிற்று.

திறப்பு விழாவில் 'விமான வரலாறு' பற்றிப் பேச நான்சியையே போட்டார்கள். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் வேலை போய்விடும், ஜெட்டைப் புகழ்ந்தால் போதும் என்று தாளாளர் அன்புடன் எச்சரித்திருந்தார். நான்சி அவர் சொல்லைத் தட்டவில்லை. ஜெட்டை மட்டுமே புகழ்ந்தார்.

"நேத்து அவ்ளோ மழ பேஞ்சுது. இதுக்குள்ள ஒரு சொட்டு எறங்கலங்க. நம்ம ஸ்கூல்ல புள்ளைங்கள நம்பி உக்கார வெக்கிறதுக்கு இது ஒண்ணுதாங்க எடம்."

தாளாளர்தான் முதலில் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. பெற்றோர் வரிசையில் அகல்யாவின் அப்பா எழுந்து, ஆய்வகம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.