குமாரசாமி பாவு பிடித்த படலம்

காஞ்சி மாநகரின் தறிக்குடியில் தோன்றிய தவக்கொழுந்தே, பட்டணத்து விடுதிச் சாம்பாரை ஐந்தாண்டு காலம் அஞ்சாது உண்ட ஆண்டகையே, இயந்திரவியல் என்னும் ஆழ்கடலில் இருமுறை மூழ்கி மூன்றாம் முறை கரையேறிய குமாரசாமியே, வாழி நீ, வாழி நின் கோப்பு, வாழி நின் இரவல் டை. கலைமகளே, இவன் புகழ் பாட என் நாவில் சற்றே வந்தமர்வாயாக. நெடுநேரம் வேண்டாம் தாயே, ஏழு மணி பஸ் புறப்படும்வரை இருந்தால் போதும்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. எஞ்சினீயர்கள் மலிந்து வேலைகள் அருகிய காலம். பட்டம் வாங்கிய நாளில் மாலையிட்டு வரவேற்ற அதே தெரு, இரண்டாண்டுகளாக நம் வீரனைக் காணுந்தோறும் "இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்னும் கணையைத் தொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் முடிவெட்டிக்கொள்ளப் போகாமல் முனிவர்போல் ஆகியிருந்தான். இந்நிலையில்தான் பட்டணத்துப் பம்புசெட்டுத் தொழிற்சாலை ஒன்று அவனைக் காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு அழைத்தது. ஏழு மணி வண்டியை விட்டால் அடுத்த வண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முந்தைய இரவே அவன் தன் எதிர்காலத்தைப் படிப்படியாக ஏறிப் பார்த்துவிட்டான். முதற்படி பயிற்சி எஞ்சினீயர், அதன்மேல் உதவி எஞ்சினீயர், அதற்கும் மேலே சூப்பிரண்டு, உச்சியிலே தனியறையும் சுழலும் விசிறியும் மணியடித்தால் ஓடிவரும் பியூனும் உடைய ஒர்க்ஸ் மேனேஜர். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் உரைப்பதற்கும் ஒரு வீரவுரை ஆயத்தமாயிருந்தது. "என் கல்விக்கும் திறனுக்கும் நானூறுக்கு ஒரு காசு குறைந்தாலும் ஏற்பதற்கில்லை" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததில், கண்ணாடி ஒப்புக்கொண்டது.

வெள்ளை டெரிலின் கால்சட்டை மடிப்புக் கலையாமல், நாயகன் தெருவில் இறங்கினான். ஊழ்வினையோ அங்கே பட்டுப்பாவு வடிவில் நெடுகக் கிடந்தது. மங்கையர்க்கரசி அத்தை வீட்டுக் கல்யாணப் புடவைக்கான மஞ்சள் பாவு அது, தறியேறுமுன் இழுத்துக் கட்டி உலர்த்தும் நெடுக்கு நூல். கஞ்சி தோய்ந்து, காலை வெயிலில் பளபளத்து, தெருவின் இந்த முனை முதல் அந்த முனைவரை இழுபட்டிருந்தது. விரித்த பாவைக் கண்டும் கைகொடாமல் போகிறவனுக்கு அந்தத் தெருவில் ஒருவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். எழுதாத சட்டம், மீறினாரும் இல்லை.

அந்த வேளையில்தானா பாவின் கயிற்றைக் கட்டியிருந்த இம்முனை முளைக்குச்சி பிடுங்கிக்கொள்ள வேண்டும்?

"குமாரு, சித்த கயிறு புடிப்பா. வேற முளை எடுத்தாரப் போயிக்கிறாரு உங்க மாமா" என்றார் அத்தை. மறுமொழிக்குக் காத்திராமல் கயிற்றை அவன் கையில் திணித்து, சான்றிதழ்க் கோப்பைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். கோப்பு சிறைப்பட்டது. வீரன் கட்டுண்டான்.

காலை ஊன்றினான், பல்லைக் கடித்தான், மறுமுனையில் தலைப்பாகைக்காரர் ஒருவர் இழுத்த இழுப்புக்கு ஈடாக இழுத்து நின்றான். கயிற்றில் வழிந்த கஞ்சி முழங்கையில் இறங்கி, அங்கிருந்து டெரிலினை அடைந்து, மடிப்பின்மேல் மெல்ல நடைபோட்டது. பாவின் நடுவே நூல் தடவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு வீரபத்திரன் தலை நிமிர்ந்தார்.

"இன்னா சம்பளம் கேக்கப் போற?"

"நானூறு, மாமா."

"நானூறா? அவன் முன்னூறுன்னுவான். ஐந்நூறு கேளு, நானூறுல வந்து நிப்பான்."

அப்போது பஸ் நிலையத்திலிருந்து ஒரு ஹாரன் எழுந்தது. போர்முரசம் கேட்ட குதிரைபோல் நம் வீரன் துடித்தான். "அத்தை, வண்டி போயிடும்" என்று முழங்கினான்.

"போவாது, போவாது. நீ புடி."

பஸ்ஸின் இயல்பறியாப் பேதைமை என்று அவன் உள்ளம் கொதித்தது. மறுபடி ஹாரன், நீண்ட ஹாரன். வீரபத்திரன் ஐந்நூற்றைம்பதுக்கு ஏறினார், கம்மியாகக் கேட்டால் கம்மியாகப் படித்தவன் என்று நினைப்பார்களாம். விட்டால் ஒரு பெண்ணின் கூறைப்புடவை புழுதியில் விழும். விடாவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டோ, "ஒண்ணும் ஆவலியா?" கண்ணீர் திரண்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஆயினும், கேட்பீராக உலகத்தீரே, அவன் கயிற்றை விடவில்லை.

முளை வந்தது, அறைந்தார்கள், கட்டினார்கள். கோப்பைப் பறித்துக்கொண்டு நாயகன் பாய்ந்தான். தெருமுனை திரும்புகையில் பக்கத்திலேயே இன்னொருவர் ஓடிவந்தார். மறுமுனையில் இழுத்த தலைப்பாகைக்காரர்தான். தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்து, காக்கிச் சட்டைக்குள் கையை நுழைத்து, தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டிருந்தார். அத்தையின் மூத்த பெண்ணை அண்மையில் மணந்த மருமகன் பரசுராமன், அந்த ஏழு மணி வண்டியின் கண்டக்டர்.

"ஏன் தம்பி இப்டி ஓடற? நான் ஏறாம வண்டி எங்க போவும்? அந்த ஆரனே எனக்குத்தான் அடிச்சிக்கினு இருக்கான்."

இவ்வாறு கண்டக்டரே துணைவர, முன்சீட்டில் அரியணை கொண்டு, கால்சட்டையில் கஞ்சி காய்ந்து தகடாகி மடிப்பை முன்னிலும் கம்பீரமாக நிறுத்த, நானூறைத் துறந்து ஐந்நூற்றைம்பதை வழிநெடுகச் சொல்லிச் சொல்லி மனத்தில் உருவேற்றி, பத்து மணிக்கு முன்னரே போர்க்களம் புகுந்து, மூன்று மூக்குக்கண்ணாடிகளின் முன் நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்து, பம்புசெட்டு பற்றிய கணைகளையெல்லாம் ஒருவாறு தாங்கி, இறுதியில் நடுக்கண்ணாடி முன்னால் சாய்ந்து எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று வினவியபோது, தெரு முழுதும் தன் பின்னே திரண்டு நிற்பதாக உணர்ந்து, தொண்டையைச் செருமி, காஞ்சியின் மானம் காக்கத் திருவாய் மலர்ந்தான் குமாரசாமி:

"நீங்களே பாத்துக் குடுங்க, சார்."