ஸ்பீக்கர் போனில் ஓர் இன்ஷூரன்ஸ் பஞ்சாயத்து

தன் குரலை ரெக்கார்டிங்கில் கேட்டு மகிழ்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை. "ஐயோ, நான் பேசினா இப்படியா இருக்கு?" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். எனக்கு வந்த சோதனை அதைவிடப் பெரியது. என் பழைய குரலை என் மனைவி கேட்டாள். பக்கத்தில் மாமியாரும் இருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் சேகர். அமெரிக்கா வந்த புதிதில் ஹூஸ்டனில் நானும் அவனும் ஒரே அபார்ட்மென்டில் குப்பை கொட்டியவர்கள். பிறகு இருவருக்கும் கல்யாணமாகி, அதன் புறநகரான சுகர் லேண்டில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடும் வாங்கியிருந்தோம். என் மகள் நிலா அப்போது டேகேர் போகிற வயது. கோபியிலிருந்து மாமியார் வந்திருந்தார். அந்தச் சனிக்கிழமை மதியம் சேகர் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"டேய் செந்தில், பழைய கார்டுக்கெல்லாம் பணம் ரிட்டர்ன் பண்றாங்கடா! எனக்கு செக் வந்துருச்சு!"

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் கிரெடிட் கார்டு வாங்கினால், 'பேமென்ட் ப்ரொடெக்‌ஷன்' என்று ஒரு இன்ஷூரன்ஸைக் கூடவே தலையில் கட்டிவிடுவார்கள். உங்களுக்கு வேலை போனாலோ, உடம்பு படுத்தாலோ, கார்டு பாக்கியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அதற்காக மாதாமாதம் பில்லில் ஒரு தொகை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். தகுதி இல்லாதவர்களுக்கும், கேட்காதவர்களுக்கும் விற்றுவிட்டார்கள் என்று பெரிய புகாராகி, இப்போது கேட்பவர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். எனக்கும் ஒரு பேங்க் கொடுத்த ஃபர்னிச்சர் கடைக் கார்டு அப்படி இருந்தது, எப்போதோ அதை மூடியாகிவிட்டது.

உடனே கால் பண்ணத் தீர்மானித்தேன். போனில்தான் பேசப்போகிறேன், ஆனாலும் லுங்கியை மாற்றி பேன்ட் போட்டுக்கொண்டேன். (லுங்கியோடு சண்டை போட்டால் எனக்கு இங்கிலீஷ் வராது.) ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். கணவன் ஒரு அமெரிக்க பேங்கை மண்டியிட வைக்கும் காட்சியை மலர்விழி பார்க்க வேண்டாமா?

வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு, ஒரு பெண்மணி வந்தார். நான் கர்ஜித்தேன். இந்த இன்ஷூரன்ஸை நான் கேட்கவே இல்லை, என் அனுமதி இல்லாமல் சேர்த்தது அநியாயம் என்றேன். சேகர் கட்டைவிரலை உயர்த்தினான்.

அந்தப் பெண்மணி பொறுமையாகச் சொன்னார்: "சார், நீங்கள் சம்மதித்த போன் கால் ரெக்கார்டிங் எங்களிடம் இருக்கிறது. போட்டுக் காட்டட்டுமா?"

அந்த இடத்தில் வேண்டாம் என்றிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ப்ளீஸ் ப்ளே இட்! என் குடும்பமே கேட்கட்டும்!"

கேட்டது.

(பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன். 'மேடம்' மட்டும் ஒரிஜினல்.)

"கார்டு ஆக்டிவேட் ஆகிவிட்டது சார். வேலை பார்க்கிறீர்களா?"

"இப்போது இல்லை மேடம். பெஞ்சில் இருக்கிறேன் மேடம்."

ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்துக் கிடப்பதைத்தான் நாங்கள் பெஞ்ச் என்போம். அந்தப் பெண் என்னைப் பார்க்கில் படுத்திருப்பவன் என்று நினைத்திருக்க வேண்டும். குரலில் இரக்கம் கூடியது.

"அப்படியானால் உங்களுக்குப் பாதுகாப்பு அவசியம். கல்யாணம் ஆகிவிட்டதா?"

"வெரி சூன், மேடம்!"

பின்னணியில் குக்கர் விசிலடித்தது. "டேய், பருப்பு கருகுதுடா, எந்திரிச்சு வாடா!" என்று சேகரின் குரல். சோபாவிலிருந்த சேகர், "மாப்ள, என் வாய்ஸுடா!" என்று புல்லரித்துப் போனான். அந்தக் கார்ப்பெட், நாற்காலி ஒன்றுகூட இல்லாத ஹால், கருகிய பருப்பின் வாசனை எல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டன.

அதற்குள் ரெக்கார்டிங் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"வாழ்த்துகள்! பெண்ணின் பெயர்?"

அந்தச் செந்தில் சிரித்தான். வெட்கம் கலந்த, வாயெல்லாம் பல்லான சிரிப்பு. போனிலேயே பல் தெரிந்தது.

"கவிதா, மேடம்."

"அழகான பெயர்! கவிதாவுக்காக இந்தப் பாதுகாப்பைச் சேர்த்துவிடட்டுமா?"

"ஃபார் கவிதா, எனிதிங், மேடம்!"

மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கவிதா என்பது ஆங்கிலம் இல்லையே.

"ஏனுங் மாப்ள, யாருங் அந்தக் கவிதா?"

சேகர் ஷூவைத் தேட ஆரம்பித்தான்.

பேங்க் பெண்மணி மறுபடி வந்தார். "சார், வேலை இல்லை என்று நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலையில் இல்லாதவருக்கு இதை விற்றிருக்கவே கூடாது. பணம் முழுவதும் திரும்பி வரும்." ஜெயித்துவிட்டேன். கைதட்டத்தான் ஆள் இல்லை. அவர் அன்போடு கேட்டார்: "கவிதாவும் இந்த அக்கவுன்ட்டில் இருக்கிறாரா?"

மலர் போனைக் கையில் எடுத்தாள். "நோ, மேடம். திஸ் இஸ் தி வைஃப். மலர்விழி. தேர் இஸ் நோ கவிதா இன் திஸ் ஹவுஸ்." வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததுதான் விசாரணை. கல்யாணமான நாளிலிருந்து, "நான் பார்த்த முதல் போட்டோவே உன்னோடதுதான்" என்று சொல்லி வந்தவன் நான். உண்மையில் அதற்கு முன் பொள்ளாச்சியிலிருந்து கவிதாவின் ஜாதகமும் போட்டோவும் வந்தன, எல்லாம் பொருந்தியது, நான் கனவில் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். பிறகு பையனுக்கு ப்ராஜெக்ட் இல்லை என்று தெரிந்து பெண் வீட்டில் வேண்டாம் என்றார்கள்.

"அப்ப, அவ வேண்டாம்னு தள்ளுனதத்தான் என் தலைல கட்டுனாங்களா?" என்றாள் மலர்.

"வெவரமான புள்ளயா இருக்கும்" என்றார் மாமியார்.

மலர் விடவில்லை. "அந்தக் கார்டுல என்ன வாங்குனீங்க?"

"மெத்தை."

"எந்த மெத்தை?"

எல்லோரும் மாடியைப் பார்த்தோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் படுத்துத் தூங்கிய அதே மெத்தை.

வெயில் தாழ்வதற்குள் அது மாடிப்படியில் இறங்கியது. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. கராஜ் வாசலில் மூச்சு வாங்க நின்றபோது மலர் சொன்னாள்: "வேற பொண்ணு பார்த்தது ஒண்ணும் தப்பில்லீங்க. ஆனா அந்தச் சிரிப்பு... எம்பேரை ஒருநாளும் நீங்க அப்படிச் சொன்னதில்ல."

அவள் கண் கலங்கியிருந்தது. அதுவரை எனக்கு எல்லாம் அவமானமாக மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் வலித்தது.

"அவளை நான் நேர்ல பார்த்ததுகூட இல்ல மலர். யாரோ ஒருத்தி எனக்குன்னு வரப்போறான்னு சிரிச்சேன். அந்த வீட்ல அப்ப வேற எதுவுமே இல்ல. வந்தது நீ."

மலர் குனிந்து தன் முனையைப் பிடித்தாள். "டயலாக் நல்லாத்தான் இருக்கு. அந்த முனையத் தூக்குங்க."

செக் வந்தது, புது மெத்தைக்குப் போதவில்லை, மீதியை நான் போட்டேன். சேகர் ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நிலா இப்போது கார் ஓட்டுகிற வயதுக்கு வந்துவிட்டாள். சென்ற வாரம் அவள் பெயரைக் கார் இன்ஷூரன்ஸில் சேர்க்க போன் பண்ணினேன். (ஸ்பீக்கரில் இல்லை.) அந்தப் பக்கத்திலிருந்து மனைவி பெயர் கேட்டார்கள். "மலர்விழி" என்றேன்.

"டாட், ஆர் யூ ஷ்யூர்?" என்றாள், கவிதா கதையைக் கேட்டே வளர்ந்த நிலா, படியில் உட்கார்ந்துகொண்டு.

கிச்சனிலிருந்து மலரின் குரல் வந்தது. "கேட்கலீங்க. இன்னும் கொஞ்சம் சிரிச்சுட்டுச் சொல்லுங்க."

சொன்னேன்.