ஏலக்கூடத்தில் நேராக்கிய வண்டி

‘ஞாயிறு. வண்டி இடப்பக்கம் இழுப்பதாக ஜரினா புகார். கடைக்குப் போகத் தேவையில்லை. நானே அளந்து சரிசெய்வேன்.’

இந்தக் குறிப்பு என் கைபேசியில் இன்னும் இருக்கிறது. பழவேற்காட்டில் எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது, எந்த வெள்ளத்தில் எந்தச் சுவர் விழுந்தது என்றெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. ஊரில் விழுந்த சுவர்களையெல்லாம் குறித்தவன், தான் விழுந்ததை மட்டும் அழிப்பது நியாயமாகாது என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஜரினா என் மனைவி. ஆரம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். பத்தாம் வகுப்புக்குக் காலைச் சிறப்பு வகுப்பு தொடங்கவிருந்தது. அதைத் தான்தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதல் மணிக்கு முன்பே வந்துவிட முடியுமானால் தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ரயிலை நம்பி அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. வீட்டில் கார் இருந்தது, அவளிடம் லைசென்ஸ் இல்லை. முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டுவிட்டாள். அடுத்த தேர்வு அந்தப் புதன்கிழமை. அதிலும் தோற்றால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

“ஏங்க, கைய லேசா விட்டா லெஃப்ட்ல போவுது. பொன்னேரில மிஷின் வச்சி பாக்குறாங்களாமே, ஒரு எட்டு போய்ட்டு வந்துரலாமா?” என்றாள்.

(நான் அன்று “சரி” என்று சொல்லியிருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது.)

நான் படித்துவிட்டிருந்தேன். அதுதான் சிக்கல். சக்கரத்தின் மேல் கைபேசியை நிமிர்த்தி வைத்தால் அது எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு செயலியை இறக்கி வைத்திருந்தேன். சக்கரத்தின் தலை எந்தப் பக்கம் வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும் என்பதுவரை தேறியிருந்தேன். அளக்கும் முன் செயலி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: வண்டி மட்டமான தரையில் நிற்கிறதா?

எங்கள் தெரு பாதி மணல், பாதி பள்ளம். எனவே லைட்ஹவுஸ் குப்பத்து மீன் ஏலக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வழவழவென்று சிமென்ட் தரை, மேலே கூரை. காலை ஏலம் முடிந்து கழுவிவிட்டால் மதியம் காலியாக இருக்கும். அந்தக் கூடம் திறக்கப்பட்ட தேதிகூட எனக்குத் தெரியும். ஏரி இடப்பக்கம் இருக்கும்படி வண்டியை ஏற்றி நிறுத்தினேன். செயலியின் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

கூடத்து ஓரத்தில் மீன் கூடைகளை அலசிக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருபவர்.

“இன்னா பாய், டயருகிட்ட போன குடுத்துகினு கீற. யாரு, அதுக்குச் சொந்தக்காரங்களா லைன்ல?”

“வண்டி நேரா இருக்கான்னு அளக்குறேன் தேசம்மா.”

“போனு சொல்லுமா அத?”

“டிகிரி கணக்குல சொல்லும்.”

“எம் மாப்ளைய ஒரு நாள் கூட்டியாறேன். அவனும் நேரா நிக்க மாட்டேன்றான்.”

சொல்லி வைத்தாற்போல, இடப்பக்கச் சக்கரம் வெளியே சாய்ந்திருப்பதாகவும் வலப்பக்கச் சக்கரம் உள்ளே சாய்ந்திருப்பதாகவும் கைபேசி காட்டியது. நோயும் காரணமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

“வண்டியத் திருப்பி நிறுத்தி இன்னொரு தடவ பாருங்களேன்” என்றாள் ஜரினா. “கணக்குல சரிபாக்கறதுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இது கணக்கு இல்ல, பொறியியல்” என்றேன். (கல்லூரியில் நான் படித்தது வரலாறு.)

சக்கரத்தின் சாய்வை மாற்ற என் வண்டியில் வழி இல்லை என்பது அதனடியில் படுத்த பிறகுதான் தெரிந்தது. கைக்கு எட்டியதும் கழற்றத் தெரிந்ததும், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு கம்பியின் நட்டு ஒன்றுதான். இருக்கிற நட்டைத்தானே திருக முடியும்? நம்பிக்கையோடு திருகினேன். எழுந்தபோது சட்டை முதுகு முழுக்கச் செதில் மின்னியது.

வீடு திரும்பும்போது வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. டயர்கள் முனகின.

“புதுச் செருப்பு மாதிரி. ஓட்ட ஓட்டப் படிஞ்சிரும்” என்றேன்.

 அடுத்த இரண்டு மாலைகளும் அந்தக் கோணல் ஸ்டியரிங்கோடு ஜரினா தானாகவே பழகினாள்.

புதன்கிழமை தேர்வு மைதானத்தில் நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது.

“ஏம்மா, ஸ்டியரிங்க ஏன் இப்படிக் கோணலா புடிச்சிருக்கீங்க?”

“நேரா புடிச்சா வண்டி கோணலா போவுது சார்.”

அவர் இறங்கினார். முன்சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு வரிசை முழுவதும் கேட்கும்படி, “இத எவன்மா ரிப்பேர் பண்ணது?” என்றார்.

ஜரினா வாயால் சொல்லவில்லை. கையால் காட்டினாள். மொத்த வரிசையும் திரும்பியது. நான் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“எதுல பாத்து பண்ணீங்க?”

“போன்ல சார்.”

வரிசை அவரைவிட முந்திக்கொண்டு சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “இந்த வண்டில டெஸ்ட் எடுக்க மாட்டேன்மா. மதியத்துக்குள்ள வேற வண்டி கொண்டாந்தா பாக்கலாம்” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. மரத்தடியில் நின்ற டிரைவிங் ஸ்கூல் வண்டிக்காரரிடம் நேராகப் போனாள். “அண்ணே, உங்க வண்டிய ஒரு தடவ குடுங்க. என் வண்டியோட கதைய இப்பதான் நீங்களும் பாத்தீங்க” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார். இரண்டு நாள் கோணல் வண்டியோடு மல்லுக்கட்டிய கைக்கு அந்த வண்டி வெண்ணெய் மாதிரி இருந்ததாம். ரிவர்ஸில் கம்பத்தின் பக்கம்கூடப் போகவில்லை. பாஸ்.

நான் எங்கள் வண்டியை முனக முனகப் பொன்னேரிக்கு ஓட்டிப்போய், முதல் நாளே போயிருக்க வேண்டிய கடையில் விட்டேன்.

சிறப்பு வகுப்பு ஜரினாவுக்கே கிடைத்தது. விஷயம் தெரிந்து தேசம்மா வீட்டுக்கே வந்தார்.

“அந்தத் தரையிலயா அளந்த? ஏரிப்பக்கம் சாச்சிதான போட்டுகீறாங்க. சாய்க்கலன்னா மீன் கழுவுன தண்ணி எங்க போவும், உன் ஊட்டுக்கா?”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“நீ போனத்தான கேட்ட பாய், என்னயா கேட்ட?”

அன்றிலிருந்து வீட்டில் நான் ஒரு படத்தை நேராக மாட்டினாலும், பெருநாளைக்குப் பாயை இழுத்து விரித்தாலும், என் மச்சான் எங்கிருந்தாவது கேட்பான்: “முதல்ல தரை மட்டமான்னு விசாரிச்சீங்களா?” சின்னப் பிள்ளைகள் வரை அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜரினா மட்டும் கேட்பதில்லை. வண்டியை எடுக்கும்போது என் கைபேசியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. மழைநீர் வடிவதற்காகச் சாலைகளையும் ஓரத்துக்குச் சாய்த்தே போடுகிறார்கள் என்று பிறகு படித்தேன். ஜரினா பழகியதெல்லாம் பொன்னேரிச் சாலையின் இடது ஓரத்தில். ஆகவே வண்டி முதலில் உண்மையிலேயே இடப்பக்கம் இழுத்ததா, இல்லை அது சாலையின் சரிவா என்று தெரியவில்லை. நட்டைத் திருகும் முன் நான் வேறெங்கும் அளக்கவில்லை. இத்தகவல் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.