வெளியே போன ஓட்டு

சாப்பிட உட்கார்ந்த தையற்காரர் முதல் வாய்ச் சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். வாசலில் கூடியிருந்த தெருக்காரர்களிடம் அவருடைய மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இன்னைக்கு எண்ணும்போது நம்ம பெட்டியில ஒரு ஓட்டு வெளியே போயிருந்தாக்கூட, அது யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். அப்புறம் அந்த ஆளு இந்தத் தெருவுல குடியிருக்க முடியாது."

அந்த ஒரு ஓட்டு தையற்காரருடையது.

மாமனார் பழைய கட்சியின் தெருச் செயலாளர். அவர் கை காட்டுகிற பக்கம்தான் தெரு ஓட்டுப் போடும். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். தையற்காரர் குடியிருந்தது அவர் வீட்டு மாடியில். கடை போட்டிருந்தது அதே வீட்டு முன்னறையில். தெரு முழுக்க அவரை ‘மாப்பிள்ளை’ என்றே கூப்பிடும். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை, ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் கடைக்குள் புகுந்து, வெட்டிவைத்த துணியெல்லாம் நாசமான வயிற்றெரிச்சலில், ஓட்டுப் போட மறைப்புக்குள் போனதும் புதுக் கட்சிப் பட்டனை அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

சந்தேகம் தன் பக்கம் திரும்பக்கூடாதே என்று, சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ப் புதுக் கட்சியைத் திட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டார். மாமனாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எண்ணுகிற இடத்துக்கு மாப்பிள்ளையே போகட்டும், நம்ம பெட்டிக் கணக்கைத் தெரு முன்னால் அவரே வந்து சொல்லட்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

தன் குட்டைத் தன் வாயாலேயே உடைக்க வேண்டும். வேறு வழி தெரியாமல் தையற்காரர், எதிர்வீட்டுக் கண்டக்டர் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி பேசுகிறார் என்று மாமனார் காதில் போட்டுவைத்தார்.

மாமனார் அந்த நிமிஷமே கண்டக்டரை முன்னால் கூப்பிட்டார். கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனவரைப் பார்க்கச் சகிக்காமல் தையற்காரர் குறுக்கே விழுந்தார். "அவரு இல்ல மாமா. நான்தான் ஆளை மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்ப யாருன்னு தெரியும் உங்களுக்கு," என்றார் மாமனார், நிதானமாக. "கணக்கோட வரும்போது பேரையும் சொல்லிடுங்க."

எண்ணுகிற இடத்துக்குப் போகிற வழியெல்லாம் தையற்காரர் மனசுக்குள் தையல் மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவி கூட வருவாளா, அப்பா பக்கம் நின்றுவிடுவாளா? கம்பி வேலிக்கு வெளியே நிற்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். யாரையும் மாட்டிவிடப்போவதில்லை. தன் பேரையே சொல்லிவிடுவது.

பெட்டிக் கணக்கை ஒலிபெருக்கியில் படித்தார்கள். தையற்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த அலுவலரிடம் இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டதற்கு அவர் எரிச்சலோடு பலகையைக் காட்டினார்.

தெருப் பெட்டியில் பழைய கட்சிக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. மற்றதெல்லாம் புதுக் கட்சிக்கு.

கண்டக்டர் ஏன் வெளிறிப்போனார் என்று அப்போதுதான் விளங்கியது. தெருவில் ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தர்தான் என்று பயந்து பயந்து, எல்லாருமாகச் சேர்ந்து ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். தையற்காரருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டை நெருங்க நெருங்க அது அடங்கிவிட்டது. அந்தப் பெரிய மனுஷர் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

வாசலில் தெருவே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தையற்காரர் அவர் காலடியில் உட்கார்ந்தார். "நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாமா விழுந்திருக்கு. நானும் வெளியேதான் போட்டேன். கடைசிவரைக்கும் மாறாம நின்னது நீங்க ஒருத்தர்தான்."

மாமனார் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர்ச் செம்போடு வந்த மாமியார்தான் மெதுவாகச் சொன்னார்: "அது என்னுது மாப்பிள்ளை. கண்ணாடியை வீட்டுல வச்சுட்டுப் போயிட்டேன், பட்டன் மாறிப்போச்சு."