முதுகு காட்டாத குதிரை

கோயில் வீதியில், குதிரையை விலைபேச வந்த மிட்டாதார் ஏறி உட்கார்ந்ததும் குதிரை இருபது அடி முன்னால் போனது. நின்றது. பிறகு திரும்பாமலே, அதே இருபது அடியும் பின்னாலேயே நடந்து வந்து சின்னண்ணனிடம் நின்றது.

"ஏனப்பா, இது வருதா, போகுதா?"

"இன்னும் முழுசாப் பழகலைங்க எசமான். ஆனா கொழந்தை மாதிரிங்க."

குழந்தைதான். ஏற்காட்டுத் துரை சீமைக்குக் கிளம்பும்போது, பாதிப் பழக்கத்தில் சின்னண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப்போன அரபுப் பெட்டைக் குதிரை. வெள்ளை வெளேரென்று அது தலை நிமிர்த்தினால் அவருக்கு இன்றும் கும்பிடத் தோன்றும். ஆனால் அதை விற்றுக் கிணற்றை ஆழப்படுத்தினால்தான் மிளகாய்த் தோட்டம் தப்பும்.

குதிரையைக் கிணற்றோரம் கட்டியதுதான் தப்பு என்று நினைத்தார். கவலை என்ற தோல்சாலால் நீர் இறைக்கும் மாடு சரிவில் முன்னால் இறங்கித் தண்ணீரை இழுத்து, பின்னாலேயே மேலேற வேண்டும். மாசியில் வாங்கிய இளங்காளைகள் பத்தே நாளில் அதற்குப் பழகிவிட்டன. ஓட்டியது பண்ணையாள் ஆண்டி, பெருமை சின்னண்ணனுக்கு. அதுகளைப் பார்த்துத்தான் குதிரையும் கெட்டிருக்க வேண்டும்.

கொள்ளுக் கூடையை முன்னால் நீட்டினார். மரியாதையாக ஒரு வாய் தின்றுவிட்டுப் பின்னால் போனது. மாட்டை அதட்டுவதுபோல் அதட்டினார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மிட்டாதாரின் தலைப்பாகை சரிந்தது.

"பின்னாலதானே போவே? போ!" என்று சின்னண்ணன் அதன் வாலைக் கோயில் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து எதிரே மாரியம்மன் பல்லக்கு வந்துவிட்டது. காது கிழியும் மேளத்துக்குக் குதிரை மிரளவே இல்லை. அம்மனையே பார்த்தபடி, பல்லக்கு ஓரடி வைத்தால் தானும் ஓரடி பின்வைத்து, கோயில் வாசல்வரை நடந்தது.

"தாயே, உனக்கு முதுகு காட்ட மாட்டேங்குதே!" என்று பூக்காரி ராமாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சின்னண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. விற்க வந்ததே மறந்துபோயிற்று. மிட்டாதார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். கேட்டதைக் கொடுத்து, குதிரையை அன்றே கொண்டுபோனார்.

அடுத்த மாதம், ஆழப்படுத்திய கிணற்றில் ஊற்று பீறிட்டது. எல்லாம் அந்தக் குதிரை புண்ணியம் என்று கண்கலங்கி, சின்னண்ணன் கவலை பூட்டச் சொன்னார். காளைகள் சரிவில் இறங்கின. அங்கேயே நின்றன. அதட்டியும் பின்னால் ஓரடி வைக்கவில்லை.

ஆண்டி தலையைச் சொறிந்தான்.

"தெனமும் குதிரை பக்கத்துல நடந்து காட்டுனாத்தானுங்க பண்ணாடி, இதுக பின்னால ஏறும்."