முயலின் வியாதியும் சந்தானத்தின் லுங்கியும்

கதவைத் தாழ் போடாமல் முயலை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தது சந்தானத்தின் தப்பு. மடியில் துண்டு விரித்துக்கொள்ளாதது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் செய்யக் கூடாது என்று அவர் மனைவி வைஜயந்தி அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். அதனால்தானோ என்னவோ, இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தார்.

"பேங்க் தம்பி! இருக்கீங்களா?" என்று மாடிப்படியில் குரல் கேட்டது.

வீட்டுக்காரர் கல்யாணசுந்தரம்!

வைஜயந்தி பாய்ந்து வந்து முயலை முந்தானையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் மறைவதற்கும், வீட்டுக்காரர் உள்ளே காலெடுத்து வைப்பதற்கும் சரியாக இருந்தது. சந்தானம் மரியாதைக்கு எழுந்து நின்றார். அது மூன்றாவது தப்பு.

வெளிர் நீல லுங்கியின் முன்பக்கத்தில் புனே ஜில்லாவின் வரைபடம் போல ஓர் ஈரம். அதிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

வீட்டுக்காரர் லுங்கியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடியும் லுங்கியைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முயல் மூத்திரத்தின் வாசனை சாதாரணமானதல்ல. அதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் மானநஷ்ட வழக்குப் போடும்.

உண்மையைச் சொல்லவும் முடியாது. வீடு கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்: "நாய், பூனை, கிளி, கோழி, மீன்தொட்டி, எதுவும் கூடாது. மூச்சு விடறது மனுஷங்க மட்டும்தான் இருக்கணும்." பதினோரு மாத அக்ரிமெண்ட் இந்த ஜனவரிக் கடைசியில் முடிகிறது. மார்ச்சில் மகள் மிருணாளினிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இந்த நேரத்தில் புனேயில், அதுவும் கட்கிப் பகுதியில், வேறு வீடு தேடுவது நடக்காத காரியம். வைஜயந்தியோ, "இன்னொரு தடவை இந்த பீரோவை எறக்கினீங்கன்னா நான் அதுக்குள்ளயே உக்காந்துக்குவேன்" என்று ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தாள்.

சந்தானம் லுங்கியின் ஈரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"எனக்குத்தாங்க... கொஞ்ச நாளா... அடக்க முடியல."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

வீட்டுக்காரர் சிரிப்பார் என்று சந்தானம் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை கூட அனுமதி இல்லாமல் அசையாது. மெதுவாகத் திரும்பிக் கதவைச் சாத்தினார்.

"எப்பலேருந்து?"

"தீபாவளிக்கு அப்புறம்." முயல் வந்தது அப்போதுதான்.

"இருமினா வருதா, சும்மாவே வருதா?"

"சும்மா உக்காந்திருக்கும்போதே."

"வந்தது தெரியுதா?"

சந்தானம் முயலின் முகத்தை நினைத்துப் பார்த்தார். "வந்தப்புறம்தாங்க தெரியுது. தெரிஞ்சதும் வெக்கமா இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன்."

"ம்ம்," என்றார் வீட்டுக்காரர். "டாக்டரைப் பாத்துட்டு வந்து என்ன சொன்னார்னு எங்கிட்டச் சொல்லுங்க."

"அக்ரிமெண்ட் விஷயமா வந்தீங்களாய்யா? புதுப்பிச்சுடுவீங்கதானே?"

"பாக்கலாம், பாக்கலாம்."

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் மிருணாளினி அறையிலிருந்து வந்தாள்.

"அப்பா, நீங்க சுஸு பண்ணீங்கன்னு நீங்களே சொன்னீங்களா? சீ! கித்னா கந்தா!"

"உன் முயலுக்காகத்தாண்டி."

"எல்லாம் சரி, அவர் நம்பிட்டாரா?" என்றாள் வைஜயந்தி. முந்தானையிலும் இப்போது ஒரு ஜில்லா உருவாகியிருந்தது.

"நம்பலை. நம்பினவன் சிரிச்சிருப்பான். இல்லன்னா 'ஐயோ பாவம்'னு சொல்லியிருப்பான். இவர் கேள்வி கேக்கறார் பாரு, அங்கதான் இருக்கு விஷயம்."

சந்தானத்துக்கு வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் வேலை. சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவர். மனைவி கையெழுத்தையே இரண்டு முறை பார்ப்பார்.

முயலின் பெயர் சாபு. ஜவ்வரிசி போல வெள்ளையாக இருந்ததால் சாபுதானா, சுருக்கமாக சாபு. மிருணாளினியின் தோழியின் அப்பாவுக்கு ஜபல்பூருக்கு மாற்றலானபோது, "ஒரு வாரம் பாத்துக்க" என்று கூடையோடு விட்டுவிட்டுப் போன குடும்பம் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது முதல் நாளிலேயே சந்தானத்துக்குப் புரிந்துவிட்டது. புரியும்போது அவர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காய்கறிப் பையில் சாபுவை வைத்து, மேலே இரண்டு முள்ளங்கி இலையைப் போட்டு மூடி, ஸ்கூட்டரில் பக்கத்துப் பேட்டையான போபோடிக்குப் போனார். அங்கிருந்த கால்நடை டாக்டர் அம்மாள் சாபுவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: மூத்திரப் பையில் மணல் மாதிரி சேர்ந்திருக்கிறது. மேத்தி என்கிற வெந்தயக்கீரை, பாலக் கீரை இரண்டும் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்புவரை கழுவி, ஒட்ட ஒட்டத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த புல்லில் படுக்க வேண்டும். நன்றாகக் குதித்து ஓட வேண்டும்.

"சரியாயிடுமா, ஆகாதா டாக்டர்?"

"பார்க்கலாம்," என்றார் அவரும்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். சந்தானம் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

வேறு ஒரு வியாதிக்கு வேறு ஒரு வைத்தியத்தைக் கற்பனை செய்ய அவகாசம் இல்லை. சந்தானம் டாக்டர் அம்மாள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"மேத்தி கூடாதா?"

"கூடவே கூடாதுங்க."

"மேத்தி பராட்டா?"

"அதுவும் மேத்திதானுங்களே."

"எண்ணெய் தடவணும்னு சொன்னீங்களே, செக்கு எண்ணெயா, பாக்கெட் எண்ணெயா?"

"ஏதாவது ஒண்ணுங்க." பைக்குள்ளிருந்து கால் உதைத்தது. முள்ளங்கி இலை ஆடியது. "காத்து ஜாஸ்தியா இருக்கு, நான் வரேங்க."

மாடிக்கு வந்ததும் வைஜயந்தியிடம் சொன்னார்: "குறுக்கு விசாரணை பண்றார். செக்கா பாக்கெட்டான்னு கேக்கறார். நாளைக்கே மாத்திச் சொன்னோம்னா மாட்டினோம்."

அதனால் எதையும் மாற்றிச் சொல்லாமல் இருப்பதென்று குடும்பம் முடிவு செய்தது. அங்கேதான் சனி பிடித்தது.

பால்காரரின் எருமைத் தொழுவத்திலிருந்து காய்ந்த புல் ஒரு மூட்டை வாங்கி சந்தானம் தோளில் தூக்கிவரும்போது, படி நடுவில் வீட்டுக்காரர்.

"இது?"

"படுக்கைங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மெத்தையில ஈரம் தங்குதாம். புல்லுல கீழ எறங்கிடுமாம். மேல காஞ்சே இருக்குமாம்."

"எவ்வளவு கனத்துக்குப் பரப்பணும்?"

"நாலு விரக்கடைங்க."

"பிஸ்கட் கலர்ல இருக்கறதா, பச்சை ஓடினதா?"

சந்தானத்துக்குக் காதோரம் வேர்த்தது. மறுநாள் பால்காரர் வேறு, "சாஹேப், உங்க வீட்டுக்காரர் என்கிட்ட வந்து நீங்க எவ்வளவு புல் வாங்கினீங்கன்னு விசாரிச்சார்" என்று சொன்னபோது, காதோரம் மட்டுமில்லாமல் எல்லா ஓரங்களிலும் வேர்த்தது.

"சாட்சி விசாரணை ஆரம்பிச்சுட்டார்," என்றார் வைஜயந்தியிடம்.

"நேரா கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே மனுஷர்?"

"நேரா கேட்டா நாம பொய் சொல்லுவோம்னு தெரியும். ஃபோர்மேன் மூளை."

அடுத்தது குதி. ஒருநாள் காலையில் சாபு ஹாலில் உற்சாகமாகக் குதித்து ஓடியது. தட்! தட்! தட்! இரண்டே நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. சாபு பாத்ரூமுக்குள் தள்ளப்பட்டது.

"மேல என்ன சத்தம்?" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தாங்க குதிச்சேன். டாக்டர் சொன்னாரே."

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குதிச்சுக் காட்டுங்க."

"இப்பவாங்க?"

"எப்படின்னு பாக்கறேன்."

வைஜயந்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சந்தானம் மகளின் பரீட்சையை நினைத்தார், பீரோவை நினைத்தார், குதித்தார்.

"ரெண்டு காலும் சேத்தா?"

"சேத்துத்தாங்க."

"கையை ஏன் நெஞ்சுக்கிட்ட மடக்கி வச்சிருக்கீங்க?"

சந்தானம் குனிந்து பார்த்தார். வைத்துத்தான் இருந்தார். சாபுவோடு பழகிய தோஷம்.

"அப்படித்தான் வைக்கணுமாம்."

"ம்ம். நிறுத்தாதீங்க."

ஹாலை மூன்று சுற்றுச் சுற்றினார். வீட்டுக்காரரின் மீசை அசையவில்லை. கண்கள் மட்டும் சந்தானத்தின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தன. மிருணாளினி பாத்ரூமுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே இரண்டு ஜீவன்களில் எது குலுங்குகிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

அன்றிலிருந்து சாபு குதித்த பிறகு சந்தானமும் கொஞ்சம் குதிக்க வேண்டியதாயிற்று. முயல் குதிக்கும் கனத்துக்கும் வங்கிக்காரர் குதிக்கும் கனத்துக்கும் வித்தியாசம் தெரிந்துவிடக் கூடாதல்லவா? மூன்றாம் நாள் கீழேயிருந்தும் பதிலுக்குத் தட் தட்டென்று கேட்க ஆரம்பித்தது.

"கம்பால இடிக்கறார்," என்றார் சந்தானம் மூச்சு வாங்கியபடி. "பொறுமை போயிடுச்சு."

"அப்ப நிறுத்துங்க."

"நிறுத்தினா பொய்னு ஆயிடும்."

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்துகொண்டிருந்தது. தினம் ஆபீஸ் போகுமுன் சந்தானம் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, சாபுவை இறக்குவார். முதலில் நகத்தால் பிராண்டிய சாபு, பிறகு அவர் உள்ளங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூட ஆரம்பித்தது. பழைய பனியனால் ஒட்டத் துடைத்து, சிவந்து போயிருந்த இடத்தில் எண்ணெய் தடவும்போது, "அவ்வளவுதான், அவ்வளவுதான், ஆச்சு ராஜா" என்பார். மிருணாளினி பிறந்தபோது கூட அவர் இப்படிப் பேசியதில்லை என்று வைஜயந்தி குறைப்பட்டுக்கொண்டாள். புல் இப்போதெல்லாம் பாதி நேரம் காய்ந்தே இருந்தது.

ஆனால் மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. அக்ரிமெண்ட் என்று எப்போது வாயெடுத்தாலும் வீட்டுக்காரர், "அது கெடக்குது. வெந்நீர்ல எவ்வளவு நேரம் உக்காரறீங்க?" என்றார்.

"பாத்தியா?" என்றார் சந்தானம். "வீட்டைக் குடுக்கப் போறவன் வீட்டைப் பத்திப் பேசுவான். இவர் என்னை வெந்நீர்லயே வச்சிருக்கார்."

அன்று மிருணாளினி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, சாபுவ யாருக்காச்சும் குடுத்துடலாம்பா. அம்மா பீரோக்குள்ள உக்கார வேணாம்."

"யார்டி வாங்குவா?"

"மாலூம் நஹி. தெரியலப்பா." சொல்லும்போதே மூக்கு சிவந்துவிட்டது. "அவங்க இத மடியில போட்டுக்க மாட்டாங்கல்லப்பா?"

சந்தானம் சாபுவைப் பார்த்தார். அது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. சட்டென்று காய்கறிப் பையை எடுத்தார். இந்த முறை முள்ளங்கி இலை போடவில்லை.

"எங்க போறீங்க?" என்றாள் வைஜயந்தி.

"கீழ. சொல்லிடப் போறேன். குதிச்சுக் குதிச்சு எனக்கும் முழங்கால் போச்சு."

கீழ் வீட்டுக் கதவைத் திறந்தது வீட்டுக்காரரின் மனைவி விசாலாக்ஷி. முறத்தில் கடலைப்பருப்பு.

"அவர் வெளிய போயிருக்காரே தம்பி."

தைரியம் இருக்கும்போதே கொட்டிவிட வேண்டும் என்று சந்தானம் கொட்டினார். "அம்மா, எனக்கு ஒரு வியாதியும் இல்ல. எல்லாம் பொய். இதுக்குத்தான் வியாதி." பையின் வாயைத் திறந்தார். இரண்டு காதுகள் எழும்பின.

விசாலாக்ஷி ஆச்சரியப்படவில்லை. பருப்பில் கல் ஒன்றைப் பொறுக்கிப் போட்டாள்.

"தெரியுமே. உங்க பால்கனிலேருந்து என் துளசித் தொட்டியில மிளகு மாதிரி புழுக்கை விழுது. பேங்க்காரர் போடறதா அது?"

"ஐயாவுக்கும் தெரியுமாம்மா?"

"அவருக்கு எங்க தெரியும்? துளசிக்குத் தண்ணி ஊத்தறவ நான்."

"நீங்களாவது நேரா சொல்லிடுங்கம்மா. அக்ரிமெண்ட் உண்டா, இல்லையா?"

"உண்டு. இன்னும் பதினோரு மாசம் இல்ல, பதினோரு வருஷம்னாலும் இருக்கச் சொல்லுவார். உங்களை அவர் எங்கயும் விடமாட்டார்."

"அப்ப ஏம்மா அவ்வளவு கேள்வி? செக்கா, பாக்கெட்டான்னு... குதிச்சுக் காட்டுன்னு..."

விசாலாக்ஷி முறத்தைக் கீழே வைத்தாள். படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முயல் பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, ஆனா வியாதி அதுக்குத்தான்னு மட்டும் அவர் காதுல போட்டுடாதீங்க; ரெண்டு வருஷமா வெக்கப்பட்டுக்கிட்டு டாக்டர்கிட்டயே போகாத மனுஷர், நீங்க வந்து சொல்லச் சொல்ல அதே வைத்தியத்தைப் பண்ணிக்கிட்டு இப்பத்தான் காஞ்ச புல்லுல நிம்மதியாத் தூங்கறார்!"