பச்சை சைக்கிளும் மூன்று பூட்டுகளும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் சைக்கிளும் நலம். நேற்று மாலை இப்படி ஒரு வரி எழுதுவேன் என்ற நம்பிக்கையே எனக்கு இல்லை.

வெளியூர் வேலைக்குப் போகுமுன், முதல் சம்பளத்தில் வாங்கிய அந்தச் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தபோது, "மாமா, பின்சக்கரத்தையும் பாரையும் சேர்த்து அசையாத கம்பத்தோட பூட்டுங்க. தினமும் ஒரே இடத்துல விடாதீங்க, திருடன் நோட்டம் விடுவான்" என்றீர்கள். நான் உங்கள் பேச்சைத் தட்டவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் நாளுக்கோர் இடமாக மாற்றி மாற்றிப் பூட்டினேன். இடம் மறக்காமலிருக்க ஒரு சின்ன நோட்டில் குறித்து, அந்த நோட்டைப் பத்திரமாகச் சைக்கிளில் மாட்டிய பையிலேயே வைத்தேன். முப்பத்தோரு வருடமாகப் பதிவேட்டு அறையில் இருப்பவன் நான். எந்த நோயாளியின் கோப்பையும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். நேற்று சாயங்காலம் சைக்கிளைக் காணவில்லை. ஜெனரேட்டர் பக்கம், மருந்துக் கிடங்குப் பக்கம், பிணவறைப் பக்கம்கூட எட்டிப் பார்த்துவிட்டேன். வாட்ச்மேன், "எங்க சார் விட்டீங்க?" என்றார். "அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கறேன்?" என்று எரிந்து விழுந்தேன். போனில் உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து சைக்கிள் எங்கன்னு கேட்டா, உங்களையா நிறுத்திக் காட்டறது?" என்றாள். 

கடைசியில் சலவைக்கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றது. அதே பச்சை, அதே மணி. பூட்டும் பையும்தான் இல்லை. பூட்டை உடைத்த பாவி என் காலடிச் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறான். போன உயிர் திரும்பி வந்தது, மாப்பிள்ளை. வழியெல்லாம் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. செயினின் கரகரப்புகூட இல்லை, பயத்தில் அடங்கிவிட்டது போலும். வரும் வழியிலேயே பெரிய பூட்டாக இரண்டு வாங்கி, முன்னறை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டேன். சாவிகளைத் திருடன் கனவிலும் நினைக்காத இடத்தில் ஒளித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

என் மகளும் நீங்களும் பாரும் சக்கரமும் போலப் பிரியாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாட்ச்மேன் வீட்டுக்கே வந்துவிட்டார், கூடவே சலவைக்கூட மேஸ்திரியும். "சார், உங்க சைக்கிள் எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னாடி பூட்டினது பூட்டினபடியே நிக்குது. இவரோடதைத்தான் காணோம்" என்றார். மேஸ்திரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிகளை ஒளித்த இடம் எனக்கும் கனவில்கூட வரவில்லை. ஆளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் அறுத்தும் பூட்டு அசையவில்லை என்பதால், இப்போது ஜன்னல் கம்பியை அறுக்கிறார்கள். உங்கள் சைக்கிளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது வாசல் சாத்தியிருந்தால், ஜன்னல் வழியாகவே உள்ளே வரலாம்.